தண்ணீரில் நின்றபடி வாடும் தக்காளி

நேற்று மாலை வரை அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை, இரண்டு கொத்துப் பூ, அடியில் கொஞ்சம் பிஞ்சு. இன்று மதியம் உச்சிக் கிளைகள் தொங்கிவிட்டன. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பூச்சியும் இல்லை. பார்ப்பவர் எவரும் "தண்ணி போதலை" என்றுதான் சொல்வார். ஒரு வாளி ஊற்றவும் செய்வார். சாயங்காலம் செடி சற்று நிமிரும். ஊற்றியது பலித்துவிட்டது என்று தோன்றும். மறுநாள் மதியம் மறுபடி தொங்கும். சில நாட்களில் பச்சை மாறாமலே செத்துப்போகும். அப்போதும் காலடி மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் இருக்கும்.

கொச்சியின் கிழக்கு ஓரத்தில், எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியரகமும் இன்ஃபோபார்க்கும் இருக்கிற காக்கநாட்டில், அடுக்ககத்துக் குடும்பங்கள் சேர்ந்து பின்புறத்துக் காலிமனையில் பாத்தி கட்டினால் முதல் பருவத்திலேயே இந்தப் புதிர் வந்து நிற்கும். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு அது இரட்டைப் புதிர். கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் பாத்திரம் கழுவின தண்ணீர் விழுகிற இடத்தில் தானாக முளைத்துக் காய்க்கிற செடி இது. வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர் மழை பெய்கிற ஊரில் ஏன் தாகத்தில் சாகிறது?

பதிலில் ஒரு பாதி மண்ணுக்குள் இருக்கிறது, மறு பாதி தண்டுக்குள். மண்ணின் கதை மிகப் பழையது என்பதால் அதை முதலில் சொல்லிவிடலாம்.

ஒரு சென்ட், ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர்

ஒரு சென்ட் நிலம் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அதன்மேல் 3 மீட்டர் மழை பெய்தால் 120 கன மீட்டர் தண்ணீர், அதாவது 1,20,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரிக் கணக்கில் பன்னிரண்டு லாரி. (மார்ச் மாதத்தில் அதே அடுக்ககங்களின் வாசலில் தண்ணீர் லாரி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எரிச்சலூட்டும். அது வேறு கதை.)

அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மேலோடு ஓடிப் போகும். மீதி மண்ணுக்குள் இறங்கும்போது சும்மா இறங்குவதில்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கரைந்திருப்பதால் மழைநீருக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கரைத்து அது கீழே கொண்டுபோகிறது. வெப்பமும் மழையும் பல லட்சம் ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தால் பாறையின் சிலிக்காவே கரைந்து போய்விடும். எளிதில் கரையாத இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும்தான் மிஞ்சும். காக்கநாட்டுக் குன்றுகளின் சிவப்பு அந்த இரும்பின் சிவப்பு. அதே மண் கெட்டிப்பட்டால், கேரளத்தில் வீடு கட்டுகிற வெட்டுகல்.

1800–01இல் மைசூர், கனரா, மலபார் வழியாகப் பயணம் செய்த ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், இன்றைய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லை வெட்டி எடுப்பதைக் கவனித்தார். பூமிக்குள் இருக்கும்போது இரும்புக் கருவியால் எளிதாக வெட்டலாம், வெயிலும் காற்றும் பட்டால் இறுகிவிடும் என்று 1807இல் வெளியான பயண நூலில் எழுதி, லேட்டரைட் என்று பெயரும் வைத்தார். உலகம் முழுவதும் மண்ணியலாளர்கள் இன்று சொல்கிற பெயர் அதுதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்காடிப்புறத்தில் அதற்கு ஒரு நினைவுக்கல்லும் வைத்திருக்கிறது.

கால்சியமும் மக்னீசியமும் போன மண் புளித்துவிடுகிறது, அதாவது அமிலமாகிறது. எவ்வளவு அமிலம் என்று சொல்லப் பயன்படும் பி.ஹெச். அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலைபார்த்த சோரன்சென். 7 என்றால் நடுநிலை. குறையக் குறைய அமிலம், கூடக் கூடக் காரம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்காகும். காக்கநாட்டுச் செம்மண் பல இடங்களில் 5ஐ ஒட்டி இருக்கும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் அது 8ஐத் தொடும். வித்தியாசம் மூன்று படி. அமிலத்தில் ஆயிரம் மடங்கு. ஊரிலிருந்து கொண்டுவந்த விதை ஊரில் முளைத்தது போல முளைக்காததற்கு விதையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பி.ஹெச். 5.5க்குக் கீழே போகும்போது, அதுவரை மண்ணில் பேசாமல் கிடந்த அலுமினியம் கரையத் தொடங்குகிறது. கரைந்த அலுமினியம் வேர்நுனியின் வளர்ச்சியை நிறுத்தும். வேர் நீளாமல் தடித்துக் குட்டையாகும். போட்ட எருவிலுள்ள பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. கால்சியம் போதாமல் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்து அழுகும்.

பரிகாரம் சுண்ணாம்பு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்து ஆலோசனைகளில் விதைக்கு முன்பே சுண்ணாம்பு வந்துவிடும்: சென்ட்டுக்கு இரண்டு மூன்று கிலோ, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு, மண்ணோடு கொத்திக் கலக்க வேண்டும். சாணத்தோடு ஒரே நாளில் போடக் கூடாது. எருவின் நைட்ரஜன் அமோனியாவாகப் பறந்துவிடும். இந்தச் சுண்ணாம்பில் ஒரு பங்கு வேம்பநாட்டுக் காயலில் கக்கா எனப்படும் சிப்பியின் ஓடுகளிலிருந்து வருவது. மழை மலைமண்ணிலிருந்து கரைத்த கால்சியம் பெரியாறு, மூவாற்றுப்புழை, பம்பை வழியாகக் காயலுக்குப் போகிறது. கக்கா அதில் கொஞ்சத்தை ஓடாக்கிக்கொள்கிறது. நாம் காசு கொடுத்து மூட்டையில் திரும்ப மேட்டுக்கு ஏற்றுகிறோம். அடுத்த மழை மறுபடி கரைக்கத் தொடங்கும். அதனால்தான் சுண்ணாம்பு ஒருமுறைச் செலவாக முடிவதில்லை.

டம்ளரில் ஒரு துண்டுத் தண்டு

சுண்ணாம்பு போட்ட பாத்தியிலும் தக்காளி வாடலாம். இப்போது மறு பாதிக்கு வருவோம். இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு கத்தியும் கண்ணாடி டம்ளரும் போதும்.

வாடிய செடியின் அடித்தண்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டுமுனை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி துண்டைத் தொங்கவிடுங்கள். டம்ளரை அசைக்க வேண்டாம். பின்னால் ஒரு கறுப்புத் துணி இருந்தால் நல்லது. சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்வெள்ளை இழைகள் மெல்ல இறங்கத் தொடங்கினால் புதிர் அவிழ்ந்தது. பக்கத்துப் பாத்தியின் நல்ல செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டி இன்னொரு டம்ளரில் வைத்துப் பாருங்கள், எதுவும் இறங்காது. தண்ணீர் தேங்கி மூச்சுத் திணறிய வேரால் வாடிய செடியிலும், பூஞ்சையால் வாடிய செடியிலும் அந்த இழை வராது. (பூஞ்சை வாடலில் பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், சாவும் நிதானமாக வரும்.)

இறங்குவது பாக்டீரியா. பெயர் ரால்ஸ்டோனியா. அமெரிக்காவின் எர்வின் ஸ்மித் 1896இல் இதை விவரித்தார். வாடிய தண்டில் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடியைத் தாண்டி இருக்கும் என்பதால்தான் வெறும் கண்ணால் பார்க்க முடிகிறது. ஒரு பாக்டீரியாவைக் காண நுண்ணோக்கி வேண்டும். இத்தனை கோடி சேர்ந்தால் டம்ளர் போதும்.

செடிக்குள் என்ன நடந்தது? வேரிலிருந்து இலைவரை தண்ணீர் ஏற மெல்லிய குழல்கள் உண்டு. பாடநூல் அவற்றை சைலம் என்கிறது; இங்கே நீர்க்குழல் என்போம். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது அது கீழேயுள்ள நீரை இழுக்கிறது. அந்த இழுப்பு வேர்வரை எட்டுகிறது. செடிக்குள் பம்பு எதுவும் கிடையாது, வெயில்தான் இழுக்கிறது. பாக்டீரியா வேரில் உள்ள காயம் வழியாகவோ, பக்கவேர் வெடித்து வெளிவரும் இடுக்கு வழியாகவோ நுழைந்து நீர்க்குழலை அடைகிறது. அங்கே பெருகி, வழவழப்பான ஒரு பசையைச் சுரக்கிறது. ஸ்ட்ராவில் ஆறிய கஞ்சியை உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை.

மதியம் ஏன் தொங்கியது, மாலை ஏன் நிமிர்ந்தது என்பதும் இப்போது புரியும். மதியம் இழுப்பு அதிகம். பாதி அடைத்த குழலால் ஈடுகொடுக்க முடியவில்லை. இரவில் தேவை குறைவு. பாதிக் குழலே போதும். நாம் ஊற்றிய வாளித் தண்ணீருக்கு அதில் பங்கில்லை. பச்சையாகவே சாவதற்கும் காரணம் உண்டு. முதிர்ந்தோ பட்டினியிலோ உதிரும் இலையிலிருந்து செடி தன் பச்சையத்தைப் பிரித்துச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதுதான் மஞ்சள். இங்கே அதற்கு நேரமில்லை.

கூட்டம் சேரும்வரை

செடி ஏன் வாரக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு ஒரே நாளில் தொங்குகிறது என்ற கேள்விக்கு வந்த பதில் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

பசை சுரப்பது பாக்டீரியாவுக்குச் செலவான வேலை. பத்துப் பேர் சுரந்து பயனில்லை. அதனால் ரால்ஸ்டோனியா ஒவ்வொன்றும் ஒரு சிறு வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் அந்தப் பொருள் குறைவாக இருந்தால் கூட்டம் சேரவில்லை என்று பொருள். அப்போது அது நீந்தும், இடம் தேடும், வேருக்குள் நுழையும். நீர்க்குழலின் குறுகலான இடத்தில் பெருகி, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி அளவைத் தாண்டும்போது அந்த வேதிப்பொருளும் செறிந்துவிடுகிறது. உடனே மரபணுக்கள் மாறி இயங்குகின்றன; நீச்சல் நின்று பசை தொடங்குகிறது. எண்ணிக்கையை உணர்ந்து நடத்தையை மாற்றும் இந்த ஏற்பாட்டைக் கூட்டவுணர்வு என்று சொல்லலாம். ரால்ஸ்டோனியா பயன்படுத்தும் அந்த வேதிப்பொருள் இன்னது என்று 1997இல் கண்டுசொன்னவர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள்.

ஆகவே செடி தொங்கிய நாள் நோய் வந்த நாள் அல்ல. நோய் உள்ளே வந்து வெகுநாள் ஆகியிருக்கும். அந்த இடைவெளியில் பாத்திக்குள் எத்தனை பேர் நடந்தார்கள், எந்த மண்வெட்டி எங்கே போயிற்று என்பதுதான் அடுத்த விஷயம்.

மண்வெட்டி எத்தனை பேருடையது

சேர்ந்து பயிரிடுவது கேரளத்துக்குப் புதிதல்ல. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் குத்தகை நிலத்தில் காய்கறி போடுகின்றன. ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி என்ற பெயரில் வேளாண் துறை விதையும் நாற்றும் கொடுக்கிறது. ஓணத்தின் மூலக்கதை சொல்லும் வாமனர் கோயில் காக்கநாட்டை அடுத்த திருக்காக்கரையில் இருக்கிறது. மாநிலத்தின் காய்கறி பழ மேம்பாட்டு கவுன்சிலுக்குத் தலைமையகமே காக்கநாடுதான். ஆர்வத்துக்குக் குறைவில்லை. சங்கடம் நாட்காட்டியில். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும் ஓணத்துக்குக் காய் பறிக்க வேண்டுமானால் ஜூனில், கொட்டும் மழையில் நட வேண்டும். 25 முதல் 35 டிகிரி வெப்பமும் நிறைந்த ஈரமும் ரால்ஸ்டோனியாவுக்கு மிகப் பிடித்த நிலை. பயறுக்கும் வெண்டைக்கும் அந்த மழை தாங்கும். தக்காளிக்கு மழை ஓய்ந்த பிறகுதான் பருவம்.

பகிர்ந்த தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு பாத்தி என்று கயிறு கட்டிப் பிரிப்பது வழக்கம். கயிறு நிலத்துக்கு மேலேதான். சரிவில் மேல்பாத்தியிலிருந்து வழிகிற மழைநீர் கீழ்ப்பாத்திக்குப் போகிறது, அதோடு பாக்டீரியாவும். தோட்டத்துக்கு ஒரே மண்வெட்டி. வாடிய செடியைப் பிடுங்கிய கையோடு அடுத்த பாத்தியில் களை கொத்தினால், நோயையும் கொடுத்து, நுழைவதற்குக் காயத்தையும் கொடுத்தாயிற்று. செருப்பில் ஒட்டிய சேறு மூன்றாவது வழி. நான்காவதைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை: பொது உரக்குழி. வாடிய செடி எல்லாம் அங்கே போகும். பெரிய குவியல் உள்ளே கொதித்து நோய்க்கிருமிகளைக் கொல்லும். அடுக்ககத்துச் சின்னக் குழி அந்தச் சூட்டை எட்டுவது அரிது. ஆறு மாதம் கழித்து அந்த உரம் எல்லாப் பாத்திக்கும் சமமாகப் பங்கிடப்படும்.

மண்ணுக்குள் போன ரால்ஸ்டோனியா ஆண்டுக்கணக்கில் தங்கும். தக்காளி இல்லாவிட்டால் கத்தரி, மிளகாய், உருளை. இருநூறுக்கு மேற்பட்ட தாவர இனங்களில் அது அல்லது அதன் நெருங்கிய உறவுகள் வாழ்கின்றன. 2014இல் வகைப்பாட்டாளர்கள் அந்தக் குடும்பத்தை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். தோட்டக்காரருக்கு அதனால் எதுவும் மாறவில்லை. இஞ்சியையும் அது விடுவதில்லை. வயநாட்டு இஞ்சி விவசாயிகள் கர்நாடகத்தில் புதிது புதிதாக நிலம் குத்தகைக்கு எடுத்துப் போவதற்கு, ஒரே மண்ணில் மறுபடி இஞ்சி வைத்தால் வரும் நோய்களும் ஒரு காரணம்.

சக்தி, சூர்யா, உஜ்வலா

கேரள வேளாண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இந்த ஒரு நோயோடு மல்லுக்கட்டுகிறது. சக்தி என்ற தக்காளி, தைவானிலுள்ள உலகக் காய்கறி மையத்திலிருந்து வந்த ஒரு வரிசையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. முக்தி, அனகா பின்னால் வந்தவை. கத்தரியில் சூர்யா, மிளகாயில் உஜ்வலா. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு வரும் தக்காளியின் பளபளப்பும் சுமை தாங்கும் தோலும் இவற்றுக்குக் கிடையாது. ஆனால் ஒட்டன்சத்திரத்துச் செடி காக்கநாட்டு மண்ணில் நின்று காட்டட்டும், பிறகு பேசலாம்.

எதிர்ப்பு ரகம் என்றால் பாக்டீரியா நுழையாது என்று நினைக்க வேண்டாம். நுழைகிறது. இந்தச் செடிகள் அதை வேரிலும் அடித்தண்டிலும் மட்டுப்படுத்தி, மேலே பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. கூட்டம் சேர்வது தள்ளிப்போகிறது. அதற்குள் காய்த்து முடிந்துவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் இந்தக் கட்டுப்பாடு உடையலாம். இதே தர்க்கத்தில்தான் எதிர்ப்புள்ள கத்தரியின் வேர்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுகிறார்கள். காய் வேண்டிய ரகத்தில், வேர் தாங்குகிற ரகத்தில்.

வேர்முடிச்சு நூற்புழு துளைத்த காயங்களும் பாக்டீரியாவுக்கு வாசல். செண்டுமல்லியின் வேர் அந்தப் புழுக்களைக் குறைக்கும். ஆனால் ஓரத்தில் அழகுக்கு நான்கு செடி வைத்தால் போதாது; பாத்தி முழுக்க ஒரு பருவம் நிற்க வேண்டும். ஓணப் பூக்களத்துக்குக் கேரளம் பூ வாங்கிக்கொண்டே இருப்பதால் அந்தப் பருவம் வீண்போகாது.

செங்கீரைக்கு நடுவே கோ-1

முதல் பருவத்தில் நம்பிக்கை கொடுப்பது கீரை. சிவப்பு அருண் ரகத்தைக் கேரளம் விரும்பிச் சாப்பிடுகிறது. மழைக்காலத்தில் அதன் இலையில் வெளுத்த திட்டுகள் விழும், பூஞ்சை. மண்ணில் இருக்கும் பூஞ்சையை மழைத்துளி தெறித்து இலைமேல் ஏற்றுகிறது. தண்ணீர் ஊற்றும்போது மேலிருந்து வாரி இறைக்காமல் அடியில் விடச் சொல்வது இதற்காகத்தான்.

பல்கலைக்கழகம் சொல்லும் இன்னொரு வழி எளிமையானது. சிவப்புக் கீரைக்கு நடுவே கோ-1 என்ற பச்சைக் கீரையைக் கலந்து வளர்க்க வேண்டும். கோ-1 நோயைத் தாங்கும். தெறிப்பது அதன்மேல் விழுந்தால் அங்கேயே நின்றுபோகும். பெயரில் உள்ள கோ, கோயம்புத்தூர். தக்காளியில் ஏமாந்த கொங்குநாட்டுக்காரர் இதில் தலைநிமிரலாம்.

மேல்பாத்தி யாருக்கு

முதல் பருவம் முடிந்து மறுபடி பாத்தி பிரிக்கும் கூட்டத்தில் வழக்கமாகக் குலுக்கல் போடுவார்கள். அதைவிட, சரிவின் படத்தை ஒரு தாளில் வரைந்து, வாடல் வந்த பாத்திகளைக் குறித்துக்கொள்வது உபயோகம். குறிக்குக் கீழே உள்ளவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. மேலே உள்ளவை தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். மழை ஓய்ந்து அக்டோபரில் நடும் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் மேலே போக வேண்டும். கீழே பயறு, வெண்டை, கீரை. ரால்ஸ்டோனியா பொதுவாக இவற்றைத் தொடுவதில்லை.

இதில் எதிர்ப்பு வரும். சுண்ணாம்பு போட்டு, கல் பொறுக்கி, எரு சுமந்து ஒரு பாத்தியை ஆளாக்கியவருக்கு அதை விட்டு நகர மனம் வராது. குடும்பத்துக்கு ஒரு பாத்தி என்பதை விட்டு, குடும்பத்துக்கு ஒரு பயிர் என்று பிரித்தால் அந்தச் சண்டை பாதி குறையும். தக்காளிப் பொறுப்பாளர் தக்காளியோடு நகர்வார். டம்ளர் சோதனையும் அவர் வேலை. பொது மண்வெட்டியைக் கழுவிக் காயவைப்பது கடைசியாகப் பயன்படுத்தியவர் வேலை. வாடிய செடி உரக்குழிக்குப் போகாமல் பையில் கட்டி வெளியேறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெயில் நன்றாக அடிக்கும்போது, குறித்த பாத்திகளை நனைத்து, கண்ணாடித்தாள் போன்ற பாலிதீனால் விளிம்பு மூடி ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் மண்சூட்டில் கிருமி குறையும்.

இஞ்சி வேண்டும் என்று ஒருவராவது கேட்பார். அவருக்கு வேலியோரம் இரண்டு க்ரோபேக் ஒதுக்கலாம். அந்தப் பையில் நிரப்பும் மண் மட்டும் இந்தச் சரிவிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது.